உங்க அம்மாவோட கல்யாணத்துக்கு முந்தைய பேர் என்ன?



பாஸ்வேர்டு எப்படி வைக்கணும்னு ஊர்ல எல்லாரும் அட்வைஸ் பண்ணியாச்சு. எட்டெழுத்துக்குக் குறையக் கூடாது, நடுவுல ஒரு நம்பர், கடைசியில ஒரு ஆச்சரியக்குறி, நாய்க்குட்டி பேரை வைக்காதே, பொண்டாட்டி பேரை வைக்கவே வைக்காதே... சரி, எல்லாம் கேட்டாச்சு. ஆனா எவனோ ஒருத்தன் நம்ம மின்னஞ்சலுக்குள்ள பூந்து பாஸ்வேர்டையும் மாத்திட்டுப் போயிட்டான்னு வைங்க. அப்போ கம்பெனிக்காரன்கிட்ட போய், "ஐயா, இது என்னோட கணக்குதான், உள்ள இருக்கறவன் திருடன்"னு எப்படி நிரூபிக்கறது?

யோசிச்சுப் பாருங்க, திருடனும் அதே வாசல்ல நின்னு அதே வசனத்தைத்தான் சொல்லுவான்.

வீட்டுக்கு முன்வாசல்ல எத்தனை பூட்டு வேணும்னாலும் போடலாம். சாவி தொலைஞ்சா உள்ள வர கொல்லைப்பக்கம் ஒரு கதவு வேணும். மின்னஞ்சலுக்கு அந்தக் கொல்லைக் கதவுதான் "கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா?"ங்கிற சின்ன இணைப்பு. கொஞ்ச நாளா இதோட வரலாற்றை நோண்டிக்கிட்டு இருந்தேன். பிரபலமான மின்னஞ்சல் திருட்டுகளைப் பார்த்தா, முன்வாசல் பூட்டை உடைச்சவங்களைவிட கொல்லைக் கதவைத் தட்டி, மரியாதையா உள்ள வந்தவங்க கதைதான் திரும்பத் திரும்ப வருது. இது அந்தக் கதவோட கதை. பதிவு கொஞ்சம் நீளம், காபியோட உக்காருங்க.

முகம் பார்த்துக் கதவு திறந்த காலம்

கணினியில கடவுச்சொல் வந்தது 1960களின் தொடக்கத்தில். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ என்பவர் தலைமையில் சி.டி.எஸ்.எஸ். என்று ஒரு அமைப்பை உருவாக்கினார்கள். 1961-ல் அதைச் செய்து காட்டினார்கள். ஒரே கணினியைப் பல பேர் ஒரே சமயத்தில் பகிர்ந்துகொள்வதுதான் அதன் சிறப்பு. பகிர்ந்தால் அவரவர் கோப்பு அவரவருக்கு என்று பிரிக்கணுமே, அதுக்காக ஆளுக்கொரு கடவுச்சொல்.

மறுவருஷமே திருட்டும் வந்துடுச்சு! ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு நாலு மணி நேரம் கணினி ஒதுக்கியிருந்தாங்க. அவருக்கு அது போதலை. 1962-ல் என்ன பண்ணினார்னா, கடவுச்சொல் இருந்த கோப்பை அச்சடிச்சுக் குடுன்னு ஒரு துளை அட்டையில எழுதிப் போட்டார். கணினியும் சமத்தா எல்லாருடைய கடவுச்சொல்லையும் அச்சடிச்சுக் குடுத்துடுச்சு. அடுத்தவன் நேரத்தையும் சேர்த்து ஜாலியா வேலை பார்த்திருக்கார் மனுஷன். கால் நூற்றாண்டு கழிச்சுத்தான் இந்த உண்மையை வெளியில சொன்னார்.

ஆனா ஒண்ணு கவனிங்க. அந்தக் காலத்துல கடவுச்சொல் மறந்துபோனா அது ஒரு பிரச்சினையே இல்லை. பயன்படுத்தறவங்க எல்லாரும் ஒரே வளாகம். கணினியைப் பார்த்துக்கறவருக்கு உங்க முகம் தெரியும். நேரா போய்த் தலையைச் சொறிஞ்சா வேலை முடிஞ்சது. கொல்லைக் கதவுக்குக் காவலாளி ஒரு மனுஷன். கிராமத்து தபால்காரர் அடையாள அட்டை கேக்காம மணியார்டரைக் கையில குடுத்துட்டுப் போற மாதிரி.

முகம் தெரியாதவங்க லட்சக்கணக்குல வர ஆரம்பிச்சதும்தான் சிக்கல்.

பால்டிமோர் வங்கிக்காரர் சொன்ன யோசனை

முகம் தெரியாத வாடிக்கையாளரை எப்படி அடையாளம் காண்பதுங்கிற கேள்வி கணினிக்கு ரொம்ப முன்னாடியே வங்கிகளுக்கு வந்துடுச்சு. 1906-ல் அமெரிக்க வங்கியாளர் சங்கத்தின் ஒரு பிரிவுக் கூட்டத்தில் பால்டிமோரைச் சேர்ந்த வில்லியம் ஹைடன் என்ற வங்கிக்காரர் பேசினார். புதுசா கணக்குத் தொடங்கறவங்ககிட்ட கையெழுத்தோட சேர்த்து பிறந்த ஊர், முகவரி, தொழில், வயசு, அப்புறம் அம்மாவோட கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர், இதையெல்லாம் ஒரு அட்டையில் எழுதி வாங்குறோம்னு சொன்னார். இதுல அம்மா பெயர்தான் நல்ல சோதனை, அது குடும்பத்துக்கு வெளியே யாருக்கும் அவ்வளவா தெரியாதுங்கறது அவர் வாதம். கேக்கும்போது கணக்குத் தொடங்க வந்தவங்களே திடீர்னு முழிப்பாங்களாம்.

1906-க்கு இது நல்ல யோசனைதான். ஒரு ஊர், ஒரு வங்கி. பொய் சொல்றவன் கவுன்ட்டருக்கு நேரில் வந்து நிக்கணும், முகத்தைக் காட்டணும், குரல் நடுங்காமப் பேசணும். கேள்வி ஒரு கூடுதல் பூட்டு மட்டுமே.

தொண்ணூறு வருஷம் கழிச்சு இதே கேள்வியைத் தூக்கி இணையத்துல வெச்சாங்க. கவுன்ட்டர் இல்லை, குமாஸ்தா இல்லை, முகம் இல்லை. கேள்வி மட்டும் தனியா நின்னுது.

நம்ம ஊரும் நாலு கேள்வியும்

1996 ஜூலை 4-ம் தேதி சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைத் தொடங்கினாங்க. அடுத்த வருஷம் யாஹூ மெயில். 2004 ஏப்ரல் 1-ல் ஜிமெயில். எல்லாம் இலவசம். இலவசமாக் குடுக்கறவன், கோடிக்கணக்கான பேருக்குத் தொலைபேசி எடுத்துப் பதில் சொல்ல ஆள் வைக்க முடியாது. அதனால "ரகசியக் கேள்வி"ன்னு ஒரு இயந்திரக் காவலாளியை நிறுத்தினாங்க. அம்மாவோட கல்யாணத்துக்கு முந்தைய பேர், அப்பாவோட நடுப்பெயர், முதல் செல்லப்பிராணி, பிடிச்ச ஆசிரியர், பிறந்த ஊர், பிடிச்ச சாப்பாடுன்னு ஒரு பட்டியல்.

இந்தப் பட்டியலைத் தயார் பண்ணினவங்க நம்ம ஊரை நினைச்சுப் பார்த்திருக்க மாட்டாங்க. கல்யாணத்துக்கு முந்தைய பேராம்! எங்கம்மாவுக்கு முன்னாடியும் அதே பேர், பின்னாடியும் அதே பேர், இனிஷியல்தான் மாறிச்சு. அப்பாவுக்கு நடுப்பெயருக்கு நான் எங்க போறது? சரி, தாத்தா பேரைப் போடலாம்னா, நம்ம ஊர்க் கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பாருங்க. மணமகனின் அப்பா, அம்மா, இரண்டு பக்கத் தாத்தா பாட்டி, சொந்த ஊர், குலதெய்வம், படிப்பு, வேலை பார்க்கும் இடம் எல்லாம் அச்சாகி, மஞ்சள் தடவி, ஐந்நூறு வீட்டுக்குப் போயிருக்கும். உலகத்துலேயே ரகசியக் கேள்விகளுக்கான விடைத்தாளை நாமே அச்சடிச்சு, தாம்பூலம் வெச்சுக் குடுக்கறவங்க நாமதான் :-) "பிடித்த நடிகர்"னு ஒரு கேள்வி வந்தா, ஒரு தலைமுறைக்கு ரெண்டே விடைதான். திருடனுக்கு மூணாவது வாய்ப்பே தேவைப்படாது.

இது திருடனுக்கு இருந்த வசதி. சொந்தக்காரனுக்கு என்ன கதின்னு எங்க வீட்டுலேயே பார்த்திருக்கேன். எங்க பெரியப்பா 2003-ல் திருச்சியில ஒரு பிரவுசிங் சென்டர்ல மின்னஞ்சல் கணக்குத் தொடங்கினார். அவர் சொல்லச் சொல்ல சென்டர்ல இருந்த தம்பிதான் படிவத்தை நிரப்பினான். அவர் சொல்லாததையும் அவனே நிரப்பிட்டான். 2010-ல் ஒரு நாள் காலையில பெரியப்பாகிட்ட இருந்து எங்க எல்லாருக்கும் ஆங்கிலத்துல ஒரு கடிதம். வெளிநாட்டுல மாட்டிக்கிட்டாராம், பர்ஸ் பாஸ்போர்ட் எல்லாம் போச்சாம், உடனே பணம் அனுப்பணுமாம். பெரியப்பா அந்த நேரத்துல உறையூர்ல திண்ணையில பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தார். பணம் யாரும் அனுப்பலை, அது ஒரு ஆறுதல்.

ஆனா கணக்கு போனது போனதுதான். மீட்கப் போனா, "உங்களுக்குப் பிடித்த ஆசிரியர் யார்?"னு கேட்டுது. பெரியப்பா தன்னோட ஆசிரியர் பேர் ஒவ்வொண்ணாப் போட்டுப் பார்த்தார். எதுவும் சரியில்லை. அந்தத் தம்பி யார் பேரைப் போட்டானோ! சென்டர் இருந்த இடத்துல அப்போ செல்போன் கடை வந்துடுச்சு, தம்பியைக் கண்டுபிடிக்க முடியலை. அந்தக் கணக்குலதான் சிங்கப்பூர்ல இருந்த சித்தப்பா அஞ்சு வருஷமா எழுதின கடிதங்கள் இருந்துச்சு. சித்தப்பா 2008-ல் காலமாயிட்டார். கம்பெனி பேர் வேண்டாம். நாலு முறை எழுதிப் போட்டோம், நாலு முறையும் இயந்திரம் அனுப்பின ஒரே பதில்தான் வந்துச்சு. "என் தம்பி கடுதாசிக்கு நான் யாருன்னு அவனுக்கு நிரூபிக்கணுமாம்"னு பெரியப்பா ஒரே ஒரு தடவை சொன்னார். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கலை.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

2008: முக்கால் மணி நேரத் தேடல்

ரகசியக் கேள்வியோட மானம் உலகம் பார்க்கக் கப்பலேறியது 2008 செப்டம்பரில். அப்போ அமெரிக்கத் தேர்தலில் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலின், அலாஸ்கா ஆளுநர். அவரோட யாஹூ கணக்குக்குள்ள ஒருத்தன் புகுந்துட்டான். ஏதோ பெரிய உளவு அமைப்பு வேலைன்னு பார்த்தா, டென்னசி பல்கலைக்கழகத்தில் படிச்ச இருபது வயசு மாணவன், டேவிட் கெர்னல். எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சி மாநில உறுப்பினர் ஒருவருடைய மகன்.

எப்படி நுழைஞ்சான்? யாஹூ கேட்டது மூணு விஷயம்: பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, கணவரை முதலில் எங்கே சந்தித்தீர்கள். முதல் ரெண்டும் ஒரு தேடலில் கிடைக்கும். மூணாவதுக்கு விடை அவங்க படிச்ச வாசில்லா உயர்நிலைப் பள்ளி. அந்தக் காதல் கதை அப்போ எல்லாப் பத்திரிகையிலும் வந்துக்கிட்டு இருந்துச்சு. மொத்தம் முக்கால் மணி நேரம் ஆச்சுன்னு அவனே எழுதி வெச்சான். கடவுச்சொல்லை "பாப்கார்ன்"னு மாத்தி இணையத்துல போட்டும் விட்டான். அங்கேயே ஒருத்தர் பேலின் தரப்பை எச்சரிக்கணும்னு கடவுச்சொல்லை மறுபடி மாத்தினார். ஆனா அவர் போட்ட திரைப்படப்பிடிப்பில் புதுக் கடவுச்சொல்லும் தெரிஞ்சு, ஆளாளுக்கு உள்ள நுழையப் பார்க்க, யாஹூ கணக்கையே முடக்கிடுச்சு.

2010-ல் தீர்ப்பு வந்துச்சு. ஒரு வருஷம் ஒரு நாள் தண்டனை. 2018-ல் தன்னோட முப்பதாவது வயசுல நோயால இறந்துபோனார் கெர்னல். ஒரு முக்கால் மணி நேர விளையாட்டு ஒரு ஆளோட வாழ்க்கையில எவ்வளவு தூரம் கூடவே வருதுன்னு நினைச்சா கஷ்டமாத்தான் இருக்கு.

அடுத்த வருஷம், 2009-ல், மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவும் கார்னெகி மெலன் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. நம்மைத் தெரிஞ்சவங்க, ஆனா நம்ம கடவுச்சொல்லை நம்பிச் சொல்ல மாட்டோம்னு நினைக்கிற ஆட்கள், நம்ம ரகசிய விடைகளில் 17 விழுக்காட்டை ஊகிச்சுட்டாங்க. கணக்குக்குச் சொந்தக்காரங்களே ஆறு மாசத்துல 20 விழுக்காடு விடைகளை மறந்துட்டாங்க. அதாவது, திருடனுக்கும் எஜமானனுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை!

2009: செத்துப்போன முகவரி

கேள்வி வேண்டாம், மாற்று முகவரிக்கு இணைப்பு அனுப்பலாம். இதுதான் அடுத்த யோசனை. நல்லாத்தான் இருந்துச்சு, அந்த மாற்று முகவரி உயிரோட இருக்கிற வரைக்கும்.

2009-ல் 'ஹேக்கர் க்ரோல்'ங்கிற பேர்ல ஒரு பிரெஞ்சுக்கார இளைஞன் ட்விட்டர் ஊழியர் ஒருவரோட ஜிமெயிலுக்குப் போய் "மறந்துட்டேன்"னு அழுத்தினான். இணைப்பை மாற்று முகவரிக்கு அனுப்பியிருக்கோம்னு ஜிமெயில் சொல்லிச்சு. முகவரியை நட்சத்திரக் குறி போட்டு மறைச்சுத்தான் காட்டிச்சு, ஆனா அது ஹாட்மெயில்னு ஊகிக்கிற அளவுக்கு எழுத்து தெரிஞ்சது. ஹாட்மெயில் அப்போ ரொம்ப நாள் பயன்படுத்தாத முகவரிகளை வேற ஆளுக்குக் குடுத்துக்கிட்டு இருந்துச்சு. அந்த ஊழியரோட பழைய முகவரியும் அப்படிக் காலாவதியாகிக் கிடந்தது. இவன் போய் அதைத் தன் பேருக்குப் பதிவு பண்ணிக்கிட்டு, ஜிமெயில்ல திரும்பவும் "மறந்துட்டேன்"னு அழுத்தினான். சாவி நேரா கைக்கு வந்துடுச்சு.

இதுக்கப்புறம் பண்ணினதுதான் கில்லாடித்தனம். கடவுச்சொல் மாறினா சொந்தக்காரருக்குத் தெரிஞ்சுடுமே? அதனால பழைய கடிதங்களைத் துழாவி, வேற ஏதோ ஒரு சேவையில அவர் வெச்சிருந்த கடவுச்சொல்லைக் கண்டுபிடிச்சு, அதையே ஜிமெயிலுக்கும் வெச்சான். நிறைய பேரைப் போல அவரும் எல்லா இடத்துக்கும் ஒரே கடவுச்சொல்தான். வழக்கம்போல உள்ள வந்தார், வீட்டுக்குள்ள இன்னொருத்தன் இருக்கறதே தெரியலை. கடைசியில ட்விட்டர் நிறுவனத்தோட உள் ஆவணங்கள் முன்னூறுக்கு மேல வெளியேறி, ஒரு பகுதி 2009 ஜூலையில் செய்தியாவும் வந்துச்சு. அந்த இளைஞனுக்கு 2010-ல் பிரான்ஸ் நீதிமன்றம் அஞ்சு மாசம் நிறுத்தி வைக்கப்பட்ட சிறைத் தண்டனை விதிச்சுது.

இதுல இருந்து யாராவது பாடம் படிச்சாங்களான்னு கேக்காதீங்க. 2013-ல் யாஹூவும் ஒரு வருஷமா உள்ள வராதவங்களோட முகவரிகளைப் புது ஆட்களுக்குக் குடுத்துச்சு. புதுசா வந்தவங்களுக்குப் பழைய ஆளோட கடிதங்கள் வந்து விழுந்துச்சு.

2011: ஆறு வருஷம் காணாமல் போன காலை

மீட்டவங்க கதையும் சொல்லணுமே. 2011 ஏப்ரலில் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ஃபாலோஸின் மனைவி டெபரா ஃபாலோஸின் ஜிமெயில் ஹேக் ஆச்சு. அவர் தொடர்பில் இருந்த எல்லாருக்கும் கடிதம் போச்சு: மாட்ரிட்ல வழிப்பறி ஆயிடுச்சு, பணம் அனுப்புங்க. (பெரியப்பாவுக்கு நடந்த அதே டெம்ப்ளேட்!) கணக்குக்குள்ள திரும்ப நுழையறது அவருக்குப் பெரிய கஷ்டமா இல்லை. நுழைஞ்சு பார்த்தா வீடு காலி. ஆறு வருஷக் கடிதங்கள், நாலு ஜிபிக்கு மேல, குப்பைத்தொட்டி உட்பட துடைச்சு வெச்சிருந்தான் திருடன்.

ஏன் அழிச்சான்? கணக்கு கைக்கு வந்தாலும், மோசடிக் கடிதம் யார் யாருக்குப் போச்சு, யாரை எச்சரிக்கணும்னு சொந்தக்காரருக்குத் தெரியக் கூடாது. அந்தக் குழப்பத்துல யாராவது ஒருத்தர் பணம் அனுப்பிட்டா அவனுக்கு லாபம். ஆறு வருஷ வாழ்க்கை அவனுக்கு வெறும் தடயம்.

ஃபாலோஸ் கூகிளுக்கே போய் விசாரிச்சு எழுதின கட்டுரை அந்த வருஷம் நவம்பரில் 'தி அட்லாண்டிக்' இதழில் வந்துச்சு. இப்படி எத்தனை கணக்கு திருடு போகுதுன்னு அவர் கேட்டதுக்கு, சில ஆயிரம் இருக்கும்னாங்களாம். மாசத்துக்கான்னு கேட்டா, இல்லை, ஒரு நாளைக்குன்னு பதில் வந்துச்சாம். கூகிள் பொறியாளர்கள் உதவியில கடிதங்கள் திரும்பி வந்துச்சு. படிக்கும்போது எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்தது. கூடவே ஒரு உறுத்தலும். கதவைத் தட்டினா திறக்க அவருக்கு உள்ள ஆள் இருந்தாங்க. அதே வாரம் கணக்கைப் பறிகொடுத்த மத்த ஆயிரக்கணக்கான பேருக்கு யார் இருந்தாங்க?

2012: நாலு இலக்கம்

மேட் ஹோனன் 'வயர்டு' இதழின் எழுத்தாளர். தொழில்நுட்பம் தெரியாத ஆள்னு சொல்ல முடியாது. 2012 ஆகஸ்ட் 3-ம் தேதி அவரோட மொத்த டிஜிட்டல் வாழ்க்கையும் ஒரு மணி நேரத்துக்குள்ள சரிஞ்சுது. இதுல ஒரு கடவுச்சொல்லைக் கூட யாரும் உடைக்கலை. எல்லாமே கொல்லைக் கதவு.

படிப்படியாப் பாருங்க:

1. அவரோட ட்விட்டர் பக்கத்துல இருந்து சொந்தத் தளம், அங்கிருந்து ஜிமெயில் முகவரி.

2. ஜிமெயில்ல "மறந்துட்டேன்"னு போனா, பாதி மறைச்ச மாற்று முகவரி. ஆப்பிள் முகவரின்னு பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு.

3. ஆப்பிள் உதவி மையத்துக்கு அப்போ ரெண்டு விஷயம் போதும்: முகவரியும், கடன் அட்டையோட கடைசி நாலு இலக்கமும்.

4. அமேசானுக்கு ஃபோன். பெயர், மின்னஞ்சல், முகவரி சொல்லி, "கணக்குல ஒரு புது அட்டையைச் சேர்க்கணும்"னு ஒரு எண்ணைக் குடுத்தாங்க. சேர்த்துக்கிட்டாங்க.

5. மறுபடி ஃபோன். "கணக்குக்குள்ள போக முடியலை." அடையாளத்துக்கு அட்டை எண் கேட்டாங்க. கொஞ்ச முன்னாடி தானே சேர்த்த எண்ணையே சொன்னான்! புது மின்னஞ்சல் சேர்ந்துச்சு, உள்ள போயாச்சு, உண்மையான அட்டைகளோட கடைசி நாலு இலக்கம் கண்ணு முன்னாடி.

6. அதைக் கொண்டுபோய் ஆப்பிள்ல சொன்னதும் சாவி கையில.

அப்புறம் ஐஃபோன், ஐபேட், மேக்புக் மூணையும் தொலைவிலிருந்தே அழிச்சாங்க. கூகிள் கணக்கும் அழிஞ்சுது. மேக்புக்ல அவர் பொண்ணு பிறந்ததுல இருந்து எடுத்த படங்கள். இவ்வளவும் எதுக்குன்னு நினைக்கறீங்க? அவரோட மூணெழுத்து ட்விட்டர் பேர் அழகா இருந்துச்சாம், அதுக்கு ஆசைப்பட்டு! வழக்குப் போட மாட்டேன்னு வாக்குக் குடுத்து, எப்படிச் செஞ்சீங்கன்னு ஹேக்கர்கிட்டயே கேட்டு வாங்கி எழுதினார் ஹோனன். படங்களைத் தரவு மீட்பு நிறுவனத்துக்குச் சுமார் 1,700 டாலர் குடுத்து பெரும்பாலும் மீட்டார்.

எனக்கு இந்தக் கதையில உறைச்சது அந்த நாலு இலக்கம்தான். ஒரு கம்பெனி "இதுல என்ன ரகசியம்"னு திரையில காட்டறதை, இன்னொரு கம்பெனி "இது தெரிஞ்சா நீதான் சொந்தக்காரன்"னு எடுத்துக்கிச்சு. ரெண்டு கடையும் தனித்தனியா யோசிச்சதுல தப்பில்லாத மாதிரிதான் தெரியும். நடுவுல இருந்த சந்துல திருடன் புகுந்தான். அதுக்கப்புறம் சில நாளிலேயே ரெண்டு கம்பெனியும் ஃபோன்ல இப்படிக் கணக்கைத் திறந்துவிடறதை நிறுத்தினாங்க.

கேள்வியிலிருந்து கைபேசிக்கு

2015-ல் கூகிள் ஆய்வாளர்கள் தங்களிடம் இருந்த கோடிக்கணக்கான ரகசிய விடைகளை ஆராய்ஞ்சு ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. ஆங்கிலம் பேசறவங்களோட "பிடித்த உணவு"க்கு ஒரே ஒரு ஊகத்துல கதவு திறக்க 19.7 விழுக்காடு வாய்ப்பு. (பீட்சாதான், வேற என்ன!) கொரிய மொழிக்காரர்களோட பிறந்த ஊரைப் பத்து ஊகத்துல கண்டுபிடிக்க 39 விழுக்காடு வாய்ப்பு. திருடனைக் குழப்பறேன்னு வேணும்னே பொய் விடை குடுத்தவங்களும் நிறைய. எல்லாரும் ஒரே மாதிரி பொய் சொன்னதால ஊகிக்கறது இன்னும் சுலபமாப் போச்சு. இந்தப் பக்கம், அமெரிக்காவுல ஆங்கிலம் பேசறவங்களில் 40 விழுக்காடு பேருக்குத் தேவைப்பட்ட நேரத்துல தன் விடை ஞாபகம் வரலை. பால்டிமோர்ல 1906-ல் பாராட்டப்பட்ட யோசனைக்கு இப்படியாக முடிவுரை எழுதினாங்க.

அடுத்து வந்தது கைபேசிக் குறுஞ்செய்தி. ஜிமெயில் 2011 பிப்ரவரியிலேயே எல்லாருக்கும் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைக் கொண்டுவந்துடுச்சு. 2019-ல் கூகிள் வெளியிட்ட கணக்குப்படி, குறுஞ்செய்திக் குறியீடு தானியங்கித் தாக்குதல்களை முழுசாவும், மொத்தமா வலைவீசற மோசடிகளில் 96 விழுக்காட்டையும், ஆளைக் குறிவெச்சு வர்ற தாக்குதலில் 76 விழுக்காட்டையும் தடுத்துச்சு. நல்ல பூட்டுதான்.

ஆனா பழைய ஹாட்மெயில் கதை இங்கயும் வந்துச்சு. கைபேசி எண்ணும் கைமாறும். 2021-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்காவுல மறுவிற்பனைக்கு வந்த 259 எண்களை எடுத்துப் பார்த்தாங்க. அதுல 171 எண்கள் பழைய சொந்தக்காரங்களோட ஏதோ ஒரு இணையக் கணக்கோட இன்னமும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ஃபோன் கம்பெனியை ஏமாத்தி உங்க எண்ணையே தன் சிம்முக்கு மாத்திக்கற வித்தையும் இருக்கு. 2019 ஆகஸ்ட் 30-ல் ட்விட்டர் தலைவர் ஜாக் டார்சியோட ட்விட்டர் கணக்குலயே இப்படிப் புகுந்து கண்டதையும் எழுதினாங்க. அவருக்கே அந்த கதி!

திரும்பவும் மனுஷன்கிட்ட

அறுபது வருஷம் சுத்தி வந்துட்டு இப்போ எங்க நிக்கிறோம் தெரியுமா? 2021-ல் ஆப்பிளும், 2025 அக்டோபரில் கூகிளும் ஒரு வசதியைக் கொண்டுவந்தாங்க. நம்பிக்கையான சொந்தக்காரரையோ நண்பரையோ முன்கூட்டியே குறிச்சு வெச்சுக்கலாம். கணக்குப் பூட்டிக்கிட்டா அவங்க மூலமா உள்ள வரலாம். அவங்களுக்கு உங்க கடிதம் எதுவும் தெரியாது, "ஆமா, இது இவர்தான்"னு சாட்சி சொல்ற வேலை மட்டும். எம்.ஐ.டி.யில முகம் பார்த்துக் கதவு திறந்த அதே முறைதான், கொஞ்சம் கணிதம் சேர்த்து.

எனக்கு இது பிடிச்சிருக்கு. "நான் யார்"ங்கறதுக்கு என் அம்மா பேரோ, அட்டையோட நாலு இலக்கமோ சாட்சி இல்லை. என்னைத் தெரிஞ்ச நாலு பேர்தான் சாட்சி. உறையூர்ல அந்தத் தெரு முழுக்கப் பெரியப்பாவுக்குச் சாட்சி சொல்லியிருக்கும். கேக்கத்தான் அன்னிக்கு வழியில்லை.

இதுவும் முழுப் பாதுகாப்புன்னு சொல்லிட முடியாது. நம்ம ஊர்ல சொத்துத் தகராறே நம்பிக்கையான சொந்தக்காரங்களோடதானே வருது :-) எஜமானன் உள்ள வர ஒரு வழி இருக்கிற வரைக்கும் திருடனும் அந்த வழியைத் தேடுவான். கதவை ரொம்ப இறுக்கிட்டா பெரியப்பா மாதிரி ஆட்கள் வெளியில நிப்பாங்க. ரெண்டுக்கும் நடுவுல எங்க கோடு போடறதுன்னுதான் 1906-ல இருந்து எல்லாரும் மண்டையைப் பிச்சுக்கிட்டு இருக்காங்க.

பி.கு. 1: இன்னிக்கே உங்க கணக்குல மீட்பு எண்ணும் மாற்று முகவரியும் என்னன்னு போய்ப் பாருங்க. பழைய ஆபீஸ் முகவரியோ, விட்டுட்ட சிம் எண்ணோ இருந்தா மாத்துங்க. கூகிள் தர்ற மாற்றுக் குறியீடுகளை அச்சடிச்சு ரேஷன் கார்டோட வெச்சுடுங்க.

பி.கு. 2: கணக்கு போயிடுச்சுன்னா உடனே செயல்படுங்க. திருடன் மீட்பு எண்ணை மாத்தினாலும், கூகிள் ஏழு நாள் வரைக்கும் பழைய எண்ணுக்கே குறியீடு அனுப்ப வாய்ப்பு குடுக்கலாம். வழக்கமாப் பயன்படுத்தற அதே கைபேசி, அதே வீட்டு இணைப்புல இருந்து முயற்சி பண்ணுங்க, அதுவும் ஒரு சாட்சி. உள்ள வந்ததும் கடவுச்சொல்லை மாத்தறதோட நிக்காம, கடிதங்களை வேற முகவரிக்குத் திருப்பி விட்டிருக்கானான்னும் பாருங்க. பணம் போயிருந்தா 1930-க்கு உடனே ஃபோன் பண்ணுங்க.

பி.கு. 3: வீட்டுப் பெரியவங்க கணக்கைத் தொடங்கிக் குடுத்தது யாரு, மீட்பு எண் யாரோடதுன்னு இந்த ஞாயித்துக்கிழமை ஒரு அரை மணி நேரம் அவங்க கூட உக்காந்து பாருங்க. அந்தக் கடிதங்கள் அவங்களுக்கு வேணும்.

வரட்டா?